வருட நடுவில் வேலை மாறினால்: டிபி3 பாரத்தைப் பிழையில்லாமல் நிரப்பும் முறை

மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டத்திலோ செம்பனை ஆலையிலோ பாதி வருடம் வேலை பார்த்துவிட்டு, ஈப்போ பக்கம் தொழிற்சாலையில் சேருகிறீர்களா? புது ஆபீசில் தரும் தாள்களில் டிபி3 இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். எல்எச்டிஎன் (உள்நாட்டு வருமான வரி வாரியம்) இணையத்தளத்திலும் கிடைக்கும். அந்த வருடம் பழைய இடத்தில் வாங்கிய சம்பளத்தையும், அங்கே பிடித்த இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), பிசிபி (மாதாந்திர வரிப் பிடித்தம்) தொகைகளையும் புது முதலாளிக்குத் தெரிவிக்கும் பாரம் அது.

"அங்கே எனக்கு வரியே பிடிக்கவில்லை, எதற்கு இது?" என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அது தவறு. பிசிபி கட்டத்தில் 0 போட்டு, சம்பளத்தை எழுதிக் கொடுக்கத்தான் வேண்டும்.

காரணத்தைக் கணக்கில் பார்ப்போம். திருமணமாகாத ஒருவர் ஜூன் வரை ஆலையில் மாதம் 4,000 வெள்ளி (ரிங்கிட்), ஜூலை முதல் தொழிற்சாலையில் 4,500 வெள்ளி வாங்குகிறார். வருடத்துக்கு 51,000. தனிநபர் கழிவு (வரி போடும் முன் வருமானத்தில் குறைக்கும் தொகை) 9,000, இபிஎஃப் கழிவு அதிகபட்சம் 4,000. வேறு கழிவு இல்லையென்றால் 38,000 வெள்ளிக்கு வரி 780. ஆலையில் மாதம் 16.70 வீதம் ஏறக்குறைய 100 வெள்ளி பிடித்திருப்பார்கள். டிபி3 கொடுத்தால் மீதி 680 ஆறு மாதத்துக்குப் பிரிந்து, மாதம் சுமார் 113 ஆகும். கொடுக்காவிட்டால் தொழிற்சாலையின் கணக்கில் தெரிவது 27,000 மட்டும். பிசிபி ஒரு காசும் வராது. அடுத்த ஏப்ரலில் பிஇ (வருடாந்திர வருமான வரி) பாரம் நிரப்பும்போது அந்த 680 வெள்ளியையும் ஒரே தடவையில் கட்ட வேண்டியிருக்கும்.

தோட்டத்தை விட்டு வரும் முன்

ஜனவரி முதல் கடைசி மாதம் வரையிலான எல்லாச் சம்பளச் சிலிப்புகளையும் எடுத்து வையுங்கள். கிராணியிடம் (ஆபீஸ் எழுத்தர்) மொத்தத் தொகைகளையும், முதலாளியின் 'ஈ' எண்ணையும் (முதலாளியின் வரிப் பதிவு எண்) எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேலையை விட்ட பிறகு இதற்காக அலைவது பெரும்பாடு. இஏ பாரம் (முதலாளி தரும் வருடச் சம்பள விவரம்) வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அது அடுத்த பிப்ரவரி வரைகூட இழுக்கும்.

நிரப்பும்போது

பழைய முதலாளியின் விவரம், உங்கள் பெயர், ஐசி எண், வரி எண் ஆகியவற்றைப் பார்த்து எழுதினால் போதும். சிக்கல் தொகைகளில்தான்.

சம்பளக் கட்டத்தில் கைக்கு வந்த பணத்தை எழுதாதீர்கள். மாத நடுவில் வாங்கிய அட்வான்ஸ், சங்கச் சந்தா, சொக்சோ (சமூகப் பாதுகாப்புச் சந்தா) எதையும் கழிக்காத முழுத்தொகை வேண்டும். ஓவர்டைம், வரிவிலக்கு இல்லாத அலவன்ஸ், போனஸ் எல்லாம் அதில் சேரும். சிலிப்பில் அடிப்படைச் சம்பளம் 2,600, ஓவர்டைமும் அலவன்சும் 700, அட்வான்ஸ் பிடித்தம் 500 என்று இருந்தால், அந்த மாதத்துக்கு 3,300. இப்படி ஒவ்வொரு மாதத்தையும் கூட்டுங்கள். ஒரு மாதத் தொகையை மட்டும் எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. போன வருடச் சிலிப்பைக் கலந்துவிடாதீர்கள்.

இபிஎஃப் கட்டத்தில் உங்கள் பங்கு மட்டும். முதலாளி போட்ட பங்கைச் சேர்த்தால் கழிவு கூடிப்போய் வரி குறைவாகப் பிடிபடலாம்.

பிசிபி கட்டத்தில் பிசிபி மட்டும். பழைய வரி பாக்கிக்காக சிபி38 என்று பிடித்திருந்தால் அதைச் சேர்க்கக்கூடாது. இது அந்த வருடத்து வரி அல்ல. ஜக்காத் (முஸ்லிம்கள் கட்டும் சமய வரி) கட்டாதவர்கள் ஜக்காத் கட்டத்தில் 0 போடுங்கள்.

கழிவுகள் பகுதியில், பழைய இடத்தில் டிபி1 (கழிவு கேட்கும் பாரம்) கொடுத்துக் கேட்டவை மட்டும் வரும். பிள்ளைக் கழிவை இங்கே எழுத வேண்டாம். துணைவர் வேலை செய்கிறாரா, பிள்ளைகள் எத்தனை என்ற விவரத்தைப் புது ஆபீசில் தனியாகக் கொடுங்கள். ஒரே பிள்ளைக்குக் கணவன், மனைவி இருவரும் முழுத்தொகை கேட்க முடியாது.

கையெழுத்தும் தேதியும் போட்டு, ஒரு நகல் எடுத்துக்கொண்டு, புது முதலாளியிடமே கொடுங்கள். எல்எச்டிஎன்னுக்கு அனுப்பத் தேவையில்லை.

முதல் சிலிப் வந்ததும் பிசிபி வரியைப் பாருங்கள். எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தால், டிபி3 தொகைகளைக் கணக்கில் ஏற்றினார்களா என்று உடனே கேளுங்கள். கொடுக்க மறந்திருந்தால் செப்டம்பரிலும் கொடுக்கலாம். மிச்சமிருக்கும் மாதங்கள் குறைவதால் மாதப் பிடித்தம் மட்டும் கனக்கும்.