கார் நிறுத்துமிடத்தில் ஒரு காடை

பூந்தொட்டிக்குப் பின்னால் உருண்டையாக ஒரு பறவை. ஆள் நெருங்கியும் பறக்காமல் முழிக்கிறது. புறநகர்க் குடியிருப்பில் இப்படி ஒன்றைக் கண்டதும் நம்மவர்களுக்குத் தோன்றுவது: "பாவம், வழிதவறி வந்திருக்கிறது, ஏரிக்கரையில் விட்டுவிடலாம்." தவறு அங்கேதான் தொடங்குகிறது.

காட்டுக் காடை பதுங்கிக் கிடந்து, மிதிக்கப்போகும் நேரத்தில் காலடியிலிருந்து விருட்டென்று எழும். முழித்துக்கொண்டு நிற்பது அநேகமாகக் கறிக்கடைக் கூண்டிலிருந்தோ யாருடைய மொட்டைமாடியிலிருந்தோ தப்பிய ஜப்பானியக் காடை. வெள்ளையாகவோ பொன்னிறமாகவோ இருந்தால் சந்தேகமே வேண்டாம். தலைமுறை தலைமுறையாகப் பண்ணைக்கென்றே வளர்த்த இனம் இது. ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். அடைகாக்கும் குணமோ பெரும்பாலும் போய்விட்டது. அதனால்தான் பண்ணைகளில் இன்குபேட்டர். ஏரிக்கரையில் விட்டால் அன்றே கீரிக்கு விருந்து. பிழைத்துக்கொண்டாலும் சிக்கல்தான்: குளிர்காலத்தில் நம் நாட்டுக்கு வலசை வரும் காட்டுக் காடைக்கு இது நெருங்கிய உறவு. இரண்டும் கலந்து குஞ்சு பொரிப்பது ஐரோப்பாவில் நடந்திருக்கிறது.

இதற்கு நேரெதிரான தவறு, கௌதாரியைக் காடையென்று நினைத்து வீட்டுக்குள் கொண்டுவருவது. காலி மனைகளிலும் சீமைக்கருவேலப் புதர்களிலும் கௌதாரி இன்னும் இருக்கிறது. காடையைவிடப் பெரியது, உடலெங்கும் மெல்லிய வரிகள், சிவந்த கால்கள், பறப்பதைவிட ஓடுவதில்தான் விருப்பம். அதன் குஞ்சுகள் பொரிந்த கொஞ்ச நேரத்திலேயே ஓடத் தொடங்கிவிடும். தனியாக ஓடும் குஞ்சு அநாதை அல்ல. தாய் பக்கத்துப் புதரில் நாம் போவதற்காகக் காத்திருக்கும். விலகிப் போனால் போதும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கௌதாரியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். தாத்தா கூண்டில் வளர்த்தார் என்ற கதை வனத்துறையிடம் எடுபடாது. அடிபட்டுக் கிடந்தால் அவர்களுக்கே தகவல் சொல்லுங்கள்.

தப்பிய காடையைப் பிடிக்கத் துரத்த வேண்டாம். மிரண்டால் செங்குத்தாக எம்பி மண்டையை உடைத்துக்கொள்ளும். மூலையில் ஒதுக்கி, மேலே துண்டைப் போட்டு எடுங்கள். அட்டைப்பெட்டியில் வைத்தாலும் எம்பும் என்பதால் மூடிக்குப் பதிலாகத் துணி கட்டுவது நல்லது. சோறும் ரொட்டியும் அதற்கு உணவல்ல. கோழிக்குஞ்சுத் தீவனம் கிடைக்காவிட்டால் ஒருநாளைக்குக் கம்பு, தினை போதும். தண்ணீர் ஆழமில்லாத தட்டில்.

வீட்டில் கோழி இருந்தால் ஒரே கூண்டில் அடைத்துவிடாதீர்கள். வெள்ளைக்கழிச்சல் போன்ற நோய் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. செத்துக் கிடக்கும் பறவையை வெறுங்கையால் தொடவும் கூடாது.

பிறகு அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டபோது முதலில் வந்தவை மூன்று வறுவல் செய்முறைகள். நான்காவதாக, இரண்டாம் மாடியிலிருந்து ஒரு சிறுவனின் குரல்பதிவு: "அங்கிள், அது என்னோடது."