காய் என்றாலே வாயை இறுக்கிக்கொள்ளும் குழந்தைக்கு: ஒரே காயில் தொடங்குங்கள்

ஒன்றரை வயது வரை கொடுத்ததையெல்லாம் தின்ற பிள்ளை, இரண்டு வயதை நெருங்கும்போது சோறு, தயிர், அப்பளம் என்று மூன்றோடு நிறுத்திக்கொள்ளும். சாம்பாரில் ஒரு முருங்கைத் துண்டு மிதந்தால் தட்டையே தள்ளிவிடும். வீட்டில் எல்லோரும் இதை அடம் என்பார்கள். உண்மையில் இது வயசுக்கோளாறு. புது உணவைப் பார்த்தால் தயங்குவது 2 முதல் 6 வயதுக்குள் அதிகமாக இருக்கும். முதல் வயதில் இருந்த வேகத்தில் உடம்பு வளராததால் பசியும் குறையும். போதாததற்கு, கசப்பு குழந்தை நாக்குக்குத் தூக்கலாகவே தெரியும்.

அதனால் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒரே காய், கொஞ்சூண்டு, பல தடவை, வற்புறுத்தாமல். ஒரு புதுக் காயை நாக்கு ஏற்றுக்கொள்ள 8 முதல் 15 தடவை ருசி பார்க்க வேண்டியிருக்கும். பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது தடவையோடு "இவனுக்குக் கேரட்டே பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

படி 1: முதலில் பசி

பசி இல்லாத பிள்ளையிடம் எந்தக் காயும் செல்லாது. ஒரு நாள் முழுக்கக் குழந்தை வாயில் போவதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். காலையில் ஒரு டம்ளர் பால், பதினொரு மணிக்கு பிஸ்கெட், நாலு மணிக்குப் பால், ஆறு மணிக்குக் கடையில் வாங்கிய பத்து ரூபாய் பாக்கெட், தூங்கும்முன் மறுபடி பால் என்றிருந்தால், இரவு ஏழரைக்குத் தட்டில் வைக்கும் பொரியலுக்கு வயிற்றில் இடம் ஏது?

ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு நாளுக்கு 400 முதல் 500 மில்லி பால் போதும். அதற்கு மேல் போனால் பசி அடங்குவதோடு, இரும்புச்சத்தும் குறைய வாய்ப்புண்டு. இரண்டு சாப்பாட்டுக்கு நடுவே இரண்டரை முதல் மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள். நடுவில் தண்ணீர் மட்டும்.

வேலூர் வெயிலுக்கு ஒரு கணக்கு தனி. ஏப்ரல், மே மாதங்களில் மதியச் சாப்பாட்டில் காயைப் பழக்க முயலாதீர்கள். அந்தச் சூட்டில் பெரியவர்களுக்கே சோறு இறங்காது. காலை டிபனோ, வெயில் தாழ்ந்த பிறகோ நல்லது.

படி 2: காயைத் தேர்ந்தெடுப்பது

பாகற்காயிலோ கீரையிலோ தொடங்க வேண்டாம். பரங்கிக்காய்தான் முதல் காய்க்குப் பொருத்தம். இனிப்பு, நார் இல்லை, ஈறாலேயே நசுங்கும். கால் கிலோ கீற்று வாங்கினால் மூன்று நாளைக்கு வரும். வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் கீற்றாக அறுத்து வைத்திருப்பதில் சதை ஆழ்ந்த மஞ்சளாகவும், விதைப்பகுதி காயாமலும் இருப்பதை எடுங்கள். கேரட், சர்க்கரைவள்ளி இரண்டாவது. பீன்ஸ், கொத்தவரை, அவரை போன்ற நார்க்காய்கள் கடைசியில் வரட்டும். நிறைய குழந்தைகள் ருசியைவிட நாருக்குத்தான் துப்புகிறார்கள்.

படி 3: வேகவைப்பது

100 கிராம் பரங்கிக்காயைத் தோல் சீவி, சுண்டுவிரல் நீளத்துக்கு நறுக்கி, இட்லித் தட்டில் 7 முதல் 8 நிமிடம் ஆவியில் வையுங்கள். விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும், தூக்கினால் உடையக்கூடாது. குக்கரில் வைத்தால் குழைந்து கூழாகிவிடும். கையில் பிடிக்க முடியாததைக் குழந்தை தொட யோசிக்கும். மேலே கால் டீஸ்பூன் நெய், சிட்டிகை உப்பு. நெய் ருசிக்கு மட்டும் வருவதில்லை. மஞ்சள் காயில் இருக்கும் சத்து கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும்.

நான்கு வயதுக்குக் கீழே பச்சைக் கேரட் துண்டு, முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை வேண்டாம். தொண்டையில் அடைக்கும். பச்சையாகத்தான் வேண்டுமென்றால் கேரட்டைத் துருவிக் கொடுங்கள்.

படி 4: தட்டில் வைக்கும் முறை

குழந்தைக்குப் பிடித்த ஏதாவது ஒன்று தட்டில் கண்டிப்பாக இருக்கட்டும். தயிர்சாதம் என்றால் தயிர்சாதம். அதன் ஓரத்தில், சோற்றில் படாமல், பரங்கித் துண்டு ஒன்றே ஒன்று. குவித்து வைத்தால் பார்த்ததுமே மிரளும்.

ஒரு முறை சொல்லுங்கள்: "இது பரங்கிக்கா. தித்திப்பா, மெத்துன்னு இருக்கும்." அதோடு விட்டுவிட்டு நீங்கள் உங்கள் தட்டிலிருந்து அதே துண்டை எடுத்துச் சாப்பிடுங்கள். இதில்தான் பெரும்பாலும் சறுக்குகிறது. கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஆயா (பாட்டி) திண்ணைக்கும் தெருவுக்கும் பின்னாலேயே போவார்: "ஒரே ஒரு வா நைனா, தாத்தாவுக்கு ஒரு வா." பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் துரத்தி ஊட்டும் காய் விளையாட்டைக் கெடுக்க வந்த சங்கதி ஆகிவிடுகிறது. ஆயாவிடம் சண்டை போட வேண்டாம். "டாக்டர் பதினைஞ்சு நாளைக்கு அவனே எடுத்துத் திங்கட்டும்னு சொல்லியிருக்கார் ஆயா" என்றால் வேலை நடக்கும். (இந்த ஒரு பொய்க்கு மன்னிப்பு உண்டு.)

தட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலிக் கிண்ணம் வையுங்கள். பிடிக்காவிட்டால் அதில் துப்பலாம் என்று சொல்லிவிடுங்கள். துப்ப வழி இருக்கிறது என்று தெரிந்த குழந்தைதான் துணிந்து வாயில் போடும். நாக்கில் வைத்துத் துப்பினாலும் அது ஒரு தடவையாகக் கணக்கு. தொட்டு, முகர்ந்து வைத்துவிட்டால் அன்றைக்கு அதுவே லாபம், ஆனால் ருசிக் கணக்கில் சேர்க்காதீர்கள். காலண்டரில் ருசி பார்த்த நாளுக்கு ஒரு கோடு போடுங்கள். ஞாபகத்தை நம்பினால் ஐந்தாவது நாளே இருபது தடவை கொடுத்த மாதிரி சலிப்பு வரும்.

20 முதல் 25 நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். திட்டும் வேண்டாம், கைதட்டலும் வேண்டாம்.

அளவு பற்றிப் பலரும் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். ஒரு வேளைக்கு வயதுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் காய் போதும். இரண்டு வயதுக்கு இரண்டு டேபிள்ஸ்பூன். அதுவும் பழகிய பிறகு.

படி 5: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

ஆவியில் வெந்த பரங்கியை எடுக்கத் தொடங்கியதும் அடுத்த வாரம் அதையே தேங்காய்த் துருவல் போட்ட பொரியலாகச் செய்யுங்கள். பிறகு சாம்பாரில். காய், வடிவம், காரம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் குழந்தைக்கு அது வேறு காய், கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

கீரைக்கு: கேழ்வரகு அடை

நம் பக்கத்து அடையே கீரைக்கு நல்ல பாலம். கேழ்வரகு மாவு 1 கப், துருவிய வெங்காயம் 2 டேபிள்ஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன். முருங்கைக்கீரையைக் காம்பில்லாமல் உருவி, பொடியாக நறுக்கி, முதல் தடவை 1 டேபிள்ஸ்பூன் மட்டும். சுடுதண்ணீர் ஏறத்தாழ அரை கப், கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள். பச்சைத் தண்ணீர் விட்டால் அடை விரிந்து உடையும். ஈரத்துணியில் மெல்லிசாகத் தட்டி, நடுத்தரத் தீயில் பக்கத்துக்கு 3 நிமிடம், ஒரு டீஸ்பூன் எண்ணெய். மூன்று தடவைக்கு ஒருமுறை கீரையை ஒரு டேபிள்ஸ்பூன் கூட்டுங்கள்.

கீரை போட்டிருப்பதை மறைக்காதீர்கள். அரைத்து ஒளித்துக் கொடுத்தால் வயிற்றுக்குள் போகும், பழக்கம் வராது. ஒருநாள் கண்டுபிடித்தால் அடையும் சேர்ந்து போய்விடும்.

முள்ளு கத்தரி

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் இலவம்பாடியில் விளையும் முள்ளு கத்தரிக்குப் புவிசார் குறியீடு (அந்த ஊர்ப் பொருள் என்ற அரசுப் பதிவு) 2023ல் கிடைத்தது. வேலூர்ப் பிள்ளை இதைத் தின்னாமல் வளர்வது கொஞ்சம் அநியாயம். கத்தரியில் குழந்தைகளை விரட்டுவது வழவழத் தோலும் விதையும். அதனால் கையளவில் பாதி இருக்கும், தோல் பளபளக்கும் பிஞ்சாகப் பாருங்கள். முற்றினால் விதை கறுத்துக் கசக்கும்.

முள் காம்பிலும் அதன் தொப்பியிலும் இருக்கும். கத்தியால் அதைச் சீவி எறிந்துவிட்டு, காயில் நாலு இடத்தில் குத்தி, எண்ணெய் தடவி, சிறு தீயில் திருப்பித் திருப்பி 8 முதல் 10 நிமிடம் சுடுங்கள். குத்தாமல் சுட்டால் உள்ளே ஆவி சேர்ந்து வெடிக்கும். ஆறியதும் தோல் தானாகக் கழன்றுவரும். சதை 2 டேபிள்ஸ்பூன், வெந்த துவரம்பருப்பு 3 டேபிள்ஸ்பூன், மஞ்சள்தூள், உப்பு சேர்த்து மத்தால் கடைந்து, வெங்காய வடகம் கால் டீஸ்பூன் தாளித்துக் கொட்டுங்கள். வடக வாசனை வீட்டுக் குழம்பில் ஏற்கெனவே பழகியது, அதனால் அந்நியமாகத் தெரியாது. பிரியாணி செய்யும் நாளில் பெரியவர்களுக்கான கத்தரிக்காயில் மிளகாய்த்தூள் போடும் முன் ஒரு கரண்டி எடுத்து வைத்தாலும் சரி.

எங்கே கெடுகிறது

"பொரியலை முடிச்சா சாக்லேட்" என்றால் சாக்லேட் பரிசாகவும் பொரியல் தண்டனையாகவும் மனதில் பதியும். செல்போன் காட்டி ஊட்டினால் வாய் மெல்லும், நாக்கு கற்காது. அப்பா பீன்ஸை ஓரம் ஒதுக்கினால் பிள்ளையும் ஒதுக்கும், அங்கே எந்தப் படியும் உதவாது.

வெண்டைக்காய் கொழகொழவென்று வந்தால் குற்றம் காயில் இல்லை. கழுவி, துணியால் துடைத்து, காய்ந்த பிறகு ஒரு செ.மீ. தடிமனில் நறுக்குங்கள். அகலமான வாணலியில், மூடாமல் வதக்கி, கடைசி இரண்டு நிமிடத்தில் உப்பு. முதலிலேயே உப்புப் போட்டால் நீர் விட்டு வழுக்கும். பீட்ரூட் கொடுத்த மறுநாள் மலம் சிவந்தால் பயப்பட வேண்டாம், அது காயின் நிறம்.

புதுத் துண்டு வாயில் போனதும் ஓக்காளித்து இருமினால் பொறுத்துப் பாருங்கள், குழந்தையே வெளியே தள்ளிவிடும். சத்தமே வராமல், அழ முடியாமல், உதடு நீலமானால் அது அடைப்பு. உடனே முதுகில் தட்டி உதவி கூப்பிடுங்கள். துண்டு கண்ணுக்குத் தெரியாமல் வாய்க்குள் விரல் விடாதீர்கள்.

எடை குறைந்தால், பல மாதமாக ஏறாமல் நின்றால், மண், சுண்ணாம்பு தின்றால், முகம் வெளுத்தால், விழுங்கும்போதெல்லாம் புரையேறினால் இந்தப் படிகளை நிறுத்திவிட்டு குழந்தை மருத்துவரைப் பாருங்கள். அங்கன்வாடி எடை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இதெல்லாம் இல்லாமல், 15 கோடு போட்டும் பரங்கிக்காய் வேண்டாம் என்றால் அதை ஒரு மாதம் ஓரம் கட்டிவிட்டு, கேரட்டில் முதல் கோட்டைப் போடுங்கள்.