‘கம்யூனிகேஷன்’ எல்லாமே தகவல் தொடர்பு அல்ல

மொழிபெயர்க்கும்போது ஆங்கிலத்தில் ‘கம்யூனிகேஷன்’ என்று கண்டதும் கை தானாக ‘தகவல் தொடர்பு’ என்று தட்டிவிடுகிறது. பல இடங்களில் அது பொருந்தாது.

சொல்லுக்கு முன்னால் ‘எ’ நிற்கிறதா, பின்னால் ‘ஸ்’ ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் கருத்துப் பரிமாற்றம். ‘எ கம்யூனிகேஷன்’ என்றால் கடிதமோ மின்னஞ்சலோ அறிவிப்போ, ஏதோ ஒன்று வந்திருக்கிறது. அலுவலகக் கடிதத்தில் ‘யுவர் கம்யூனிகேஷன்’ என்றிருந்தால் ‘தங்கள் கடிதம்’ என்றாலே போதும். படிவத்தில் ‘அட்ரஸ் ஃபார் கம்யூனிகேஷன்’ என்பது கடிதம் வந்துசேர வேண்டிய முகவரி. சென்னையில் தங்கிக்கொண்டு அங்கே சொந்த ஊர் முகவரியை எழுதினால் நேர்காணல் கடிதம் ஊருக்குத்தான் போகும்.

‘ஸ்’ சேர்ந்தால் தொலைபேசி, வானொலி, செயற்கைக்கோள் போன்ற ஏற்பாடுகள். ஆனால் போர் வரலாற்றில் ‘கம்யூனிகேஷன்ஸ்’ என்பது பெரும்பாலும் படைக்கு உணவும் வெடிமருந்தும் வரும் பாதை. 1812-இல் ரஷ்யாவுக்குள் போன நெப்போலியனின் ‘கம்யூனிகேஷன்ஸ்’ ஸ்மோலென்ஸ்க் வழியாகப் போனது என்று படித்தால், அது சாலை. மின்தந்தியே வராத காலத்தில், அந்தச் சாலை மறிக்கப்பட்டதைத் ‘தகவல் தொடர்பு துண்டிக்கப்பட்டது’ என்று எழுதினால் சிரிப்புத்தான் வரும்.

சட்டத்தில் தவறினால் பொருளே தலைகீழாகும். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, முன்மொழிவின் (ஒப்பந்தம் செய்ய ஒருவர் முன்வைக்கும் யோசனையின்) ‘கம்யூனிகேஷன்’ எப்போது ‘கம்ப்ளீட்’ ஆகிறது என்று சொல்கிறது. இதைத் ‘தொடர்பு முடிகிறது’ என்று பெயர்த்தால் உறவு அறுந்ததுபோல் ஒலிக்கும். ‘தெரிவிப்பு முழுமையடைகிறது’ என்பதே சரி. முன்மொழிவு எதிர்த்தரப்புக்குத் தெரியவரும்போது அது முழுமையடைகிறது. அந்த முன்மொழிவுக்கு எதிர்த்தரப்பு தரும் ஏற்புக்குக் கணக்கு வேறு: ஏற்றவர் கடிதத்தைத் திரும்பப் பெற முடியாதபடி அனுப்பிவிட்டால் முன்மொழிந்தவர் கட்டுப்படுவார், ஏற்றவர் கட்டுப்படுவது அது முன்மொழிந்தவருக்குத் தெரியவரும்போதுதான்.

வேலை விளம்பரத்தில் ‘கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்’ என்றால் மடமடவென்று ஆங்கிலம் பேசுவது என்று நம்மூரில் எடுத்துக்கொள்கிறோம். கேட்பது, தெளிவாக எழுதுவது எல்லாம் அதில் அடங்கும்.

இதே வேரில் பிறந்த சொற்களிலும் கவனம் வேண்டும். லத்தீன் மூலத்துக்குப் பகிர்தல், பொதுவாக்குதல் என்று பொருள். அதனால்தான் ‘கம்யூனிகபிள் டிசீஸ்’ தொற்றுநோய். ‘கம்யூனிகேட்டிங் ரூம்ஸ்’ நடுவில் கதவு வைத்த அடுத்தடுத்த அறைகள். தேவாலயக் குறிப்பில் ஒருவரை ‘ரெகுலர் கம்யூனிகன்ட்’ என்றிருந்தால், அவர் அடிக்கடி தொடர்புகொள்பவர் அல்லர், வழிபாட்டில் தரும் புனித அப்பமான நற்கருணையைத் தவறாமல் வாங்குபவர்.