விரல்நுனி மின்னொளிப் படத்தால் மன அழுத்தத்தை ஆராய்தல்: தொடக்கநிலை ஆய்வாளர்களுக்கான செய்முறை

கண்ணாடித் தகட்டின்மேல் விரல்நுனியை வைத்து, உயர் மின்னழுத்தமும் மிகக் குறைந்த மின்னோட்டமும் கொண்ட துடிப்புகளைச் செலுத்தினால், விரலைச் சுற்றியுள்ள காற்று அயனியாகி ஒளிரும். 1939 இல் சோவியத் மின்பணியாளர் செம்யோன் கிர்லியன் கவனித்த இந்த ஒளிர்வைத்தான் இன்றைய கருவிகள் கேமராவில் பதிந்து, பரப்பளவாகவும் ஒளிச்செறிவாகவும் கணக்கிடுகின்றன. சிலர் நம்புவதுபோல் இது உயிராற்றலின் படம் அன்று. படத்தின் மாற்றங்களுக்குத் தோலின் ஈரமே முதன்மைக் காரணம் என்பதை 1976 இல் சயின்ஸ் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. மன அழுத்தத்தின்போது பரிவு நரம்புகள் (உடலைத் தானாகவே விழிப்புநிலைக்குக் கொண்டுவருபவை) விரல்நுனியின் வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டுவதால் படம் மாறக்கூடும். ஆனால் அறையின் வெப்பமும் விரலைத் தகட்டில் அழுத்தும் விசையும்கூட அதே மாற்றத்தைத் தரும். ஆகவே இந்தச் செய்முறையின் பெரும்பகுதி ஈரத்தைக் கட்டுப்படுத்துவதிலும் தனியே அளப்பதிலுமே அடங்கியுள்ளது.

முதலில், இதயமுடுக்கி பொருத்தியவர்களைச் சேர்க்காமல், மற்றவர்களிடம் எழுத்துமூலம் ஒப்புதல் பெறுங்கள். அறையின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் ஒவ்வோர் அமர்விலும் குறித்துவையுங்கள். விரலுக்குப் பதிலாக உலோக உருளையை வைத்துப் படமெடுத்து, கருவி நாள்தோறும் ஒரே அளவைக் காட்டுகிறதா என்று சரிபாருங்கள்.

அடுத்து, பங்கேற்பாளர் கைகளைக் கழுவி உலர்த்தியபின் அமைதியாக அமரட்டும். இடக்கையின் சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் மின்முனைகளை ஒட்டி, வியர்வைக்கேற்ப மாறும் தோலின் மின்கடத்தலை மைக்ரோசீமென்ஸ் அலகில் பதியுங்கள். படத்துக்கு வலக்கையை மட்டும் பயன்படுத்துங்கள், ஏனெனில் மின்முனைப் பசை ஒட்டிய விரலின் படம் நம்பத்தக்கதன்று. படமெடுக்கும் ஒவ்வொரு முறையும் மின்முனைக் கம்பிகளைக் கழற்றிவிட வேண்டும். இதில் சிறு கவனக்குறைவும் கூடாது. ஒவ்வொரு விரலையும் மூன்று முறை படமெடுத்துச் சராசரி காண்பது நல்லது.

மன அழுத்தத்தைத் தூண்ட, 1993 இல் வெளியான டிரியர் சமூக அழுத்தச் சோதனை ஏற்றது: நடுவர்கள்முன் 5 நிமிடப் பேச்சு, பின்பு 5 நிமிட மனக்கணக்கு. ஒப்பீட்டுக் குழுவினர் அதே நேரம் அமைதியாக வாசிக்கட்டும். முடிந்தவுடன் மீண்டும் படமெடுத்து, பங்கேற்பாளர் உணர்ந்த பதற்றத்தையும் வினாத்தாளில் பெறுங்கள்.

பகுப்பாய்வில் ஒருவரின் முந்தைய படத்தை அவருடைய பிந்தைய படத்தோடு மட்டும் ஒப்பிட்டு, அந்த வேறுபாட்டை இரு குழுக்களிடையே சோதியுங்கள். ஒருவரின் ஐந்து விரல்களை ஐந்து தனி மாதிரிகளாக எண்ணுவது மிகப் பெரிய பிழை. மின்கடத்தலின் மாற்றத்தைக் கணக்கில் சேர்த்தபின் படத்தின் வேறுபாடு மறைந்துவிட்டால், படம் வியர்வைக்கு அப்பால் எதையும் அளக்கவில்லை என்றே அறிக்கையில் எழுதுங்கள்.