வீட்டில் பார்த்த திகில், துப்பறியும் படங்களைப் பற்றிக் கருத்து எழுதும் முறை

திரையரங்கில் படம் பார்த்துவிட்டு எழுதுகிறவருக்கு ஒரு வசதி உண்டு: அவர் பார்த்த படத்தைத்தான் வாசகரும் ஏறக்குறைய அதே வடிவில் பார்த்திருப்பார். வீட்டில் பார்க்கிறவருக்கு அந்த உறுதி இல்லை. 1954-இல் வெளிவந்த ‘அந்த நாள்’ படத்தை ஒருவர் தெளிவான பிரதியிலும், இன்னொருவர் மேலும் கீழும் வெட்டப்பட்ட யூடியூப் பதிவிலும் பார்த்துவிட்டு எதிரெதிரான கருத்துகளை எழுதினால், இருவருடைய வாதமும் வேறு வேறு பொருளைப் பற்றியதாகிவிடுகிறது. ஆகவே எழுத உட்காரும் முன், படத்தின் குறை எது, பிரதியின் குறை எது, நம் கவனத்தின் குறை எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். மர்மம், திகில், மாயாஜாலம் போன்ற ஜானர் படங்களுக்கு இது கூடுதலாகத் தேவைப்படுகிறது. குடும்பக் கதையில் ஒரு காட்சி விட்டுப்போனாலும் கதை கைக்குச் சிக்கும். துப்பறியும் கதையில் விட்டுப்போன அரை நிமிடத்தில்தான் துப்பு இருந்து தொலைக்கும்.

முதலில் படச்சட்டத்தைச் சோதிக்க வேண்டும். சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை முறை வருவதற்கு முந்தைய படங்கள் பெரும்பாலும் ஏறக்குறைய சதுரத்தை ஒட்டிய சட்டத்தில் எடுக்கப்பட்டவை. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜ ராஜ சோழன்’ 1973-இல்தான் வந்தது. இன்றைய தொலைக்காட்சித் திரை அகலமானது என்பதால், அந்தச் சதுரத்தை அகலத் திரையில் நிரப்ப வேண்டுமானால் படத்தை இழுக்க வேண்டும் அல்லது மேலும் கீழும் வெட்ட வேண்டும். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. படத்தில் சுவர்க் கடிகாரமோ கார் சக்கரமோ வரும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். வட்டம் முட்டை வடிவில் தெரிந்தால் படம் இழுக்கப்பட்டிருக்கிறது. டைட்டில் எழுத்துகளின் மேல்வரி பாதி அறுபட்டிருந்தால் வெட்டப்பட்டிருக்கிறது. இழுப்பு உங்கள் தொலைக்காட்சியின் வேலை என்றால் ரிமோட்டில் படத்தின் அளவை 4:3 என்று மாற்றினால் தீர்ந்துவிடும். பதிவேற்றியவரே வெட்டியிருந்தால் வேறு பிரதி தேடுவதுதான் வழி. கிடைக்காவிட்டால் கருத்தின் முதல் வரியிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். தலை வெட்டுப்பட்ட நெருக்கக் காட்சிகளைப் பார்த்துவிட்டு ஒளிப்பதிவாளருக்குச் சட்டகம் வைக்கத் தெரியவில்லை என்று எழுதுவது அநியாயம்.

அடுத்தது நீளம். பழைய படங்களின் பதிவுகளில் பாடல்கள் தனியாக விற்கப்படுவதற்காகவோ, ரீல் கெட்டுப்போனதாலோ, விளம்பர நேரத்துக்காகத் தொலைக்காட்சியில் குறைக்கப்பட்டதாலோ பல நிமிடங்கள் காணாமல் போயிருக்கும். படத்தின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழை எல்லோரும் வேகமாகத் தள்ளிவிடுகிறார்கள். அதில் ரீல்களின் எண்ணிக்கையும் படத்தின் நீளமும் குறிக்கப்பட்டிருக்கும். 35 எம்.எம். படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி, அதாவது ஏறக்குறைய 27.4 மீட்டர் ஓடும். சான்றிதழில் 4,400 மீட்டர் என்று இருந்தால் படம் சுமார் 160 நிமிடம். உங்கள் பதிவு 153 நிமிடம் ஓடினால் பதற வேண்டியதில்லை, ஏனெனில் நொடிக்கு 24 ஃபிரேம் ஓட வேண்டிய படத்தைத் தொலைக்காட்சிக்காக 25 ஃபிரேமில் ஓட்டினால் அந்த அளவுக்குக் குறையும். ஆனால் பதிவு 135 நிமிடத்தில் முடிந்துவிட்டால் நீங்கள் பார்த்தது குறைப்பிரதி. அதை வைத்துக்கொண்டு திரைக்கதையில் தாவல் இருக்கிறது என்று எழுதக் கூடாது.

வண்ணத்தைப் பற்றியும் ஒரு சொல். ஈஸ்ட்மென்கலர் என்ற வண்ணப் படச்சுருளில் உள்ள பிரதிகள் காலப்போக்கில் நீலமும் பச்சையும் மங்கி இளஞ்சிவப்பாக மாறக்கூடியவை. 1967-இல் ஏவி.எம். தயாரிப்பில் ஏ.சி. திருலோகசந்தர் இயக்கிய ‘அதே கண்கள்’ போன்ற ஒரு படத்தை அப்படிப்பட்ட பிரதியில் பார்த்தால், இரவுக் காட்சிகளில் இருக்க வேண்டிய மிரட்டல் பாதி போய்விடும்.

புதிய படங்களுக்கு வேறு நோய்கள். ‘கைதி’ (2019) ஏறக்குறைய முழுவதும் ஓர் இரவில் நடக்கிற கதை. அதில் இருட்டும் வாகன விளக்குகளும்தான் வண்ணங்கள். பகலில் சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, கடைக்காரர் அமைத்துக்கொடுத்த கண்ணைக் கூசவைக்கும் பட அமைப்பிலேயே அதைப் பார்ப்பவருக்கு இருட்டு சாம்பலாகவும் கட்டம் கட்டமாகவும் தெரியும். சினிமா என்ற பெயரில் இருக்கும் அமைப்புக்கு மாற்றிவிட்டு, அசைவை வழவழப்பாக்கும் ‘மோஷன்’ அமைப்பை அணைத்துவிட வேண்டும். அதை அணைக்காவிட்டால் எந்தப் படமும் மாலை நேரத் தொடர் போலவே இருக்கும். வசனம் காதில் விழவில்லை, இசை மட்டும் வீட்டை அதிரவைக்கிறது என்ற புகாரும் பல நேரம் படத்தைச் சேர்ந்தது அல்ல. பல ஒலிபெருக்கிகளுக்காகப் பிரித்த ஒலியைத் தொலைக்காட்சியின் இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள் சமாளிக்க முடியாமல் திணறுவதால் வருவது அது. ஸ்டீரியோ ஒலித்தடம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, பத்து நிமிடம் பார்த்த பிறகும் புரியாவிட்டால் மட்டும் படத்தைக் குறை சொல்லலாம்.

இனி நம் கவனம். ‘துருவங்கள் பதினாறு’ (2016) ஒரே சம்பவத்தை வேறு வேறு தகவல்களோடு திரும்பத் திரும்பக் காட்டுகிற படம். முன்பு பார்த்த ஒரு கோணத்தின் அர்த்தம் பிறகு மாறும். கைப்பேசியைப் புரட்டிக்கொண்டே அதைப் பார்த்தவர் ‘குழப்பமான படம்’ என்று எழுதினால், குழப்பம் யாருடையது என்று அவரே யோசிக்க வேண்டும். இப்படிப்பட்ட படத்தை இரண்டு நாள்களாகப் பிரித்துப் பார்ப்பதைவிடப் பார்க்காமல் இருப்பது மேல். அதே சமயம், நம் படங்கள் இடைவேளையை மனத்தில் வைத்தே கட்டப்படுகின்றன என்பதையும் மறந்துவிடக் கூடாது. திரையரங்கில் பெரிய திருப்பத்தோடு விளக்கு எரிந்து, பதினைந்து நிமிடம் பேசித் தீர்த்த பிறகே இரண்டாம் பாதி தொடங்கும். வீட்டில் ‘இடைவேளை’ என்ற எழுத்து ஒரு கணம் வந்து மறைய, அடுத்த காட்சி உடனே தொடங்கிவிடுகிறது. இரண்டாம் பாதி தொய்வாக இருக்கிறது என்று ஓடிடி பார்வையாளர்கள் அடிக்கடி சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். இடைவேளை எழுத்து வந்ததும் நிறுத்திவிட்டு எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தால், அந்தத் தொய்வில் ஒரு பங்கு தானாகக் குறைவதைக் காணலாம்.

இவ்வளவையும் கழித்த பிறகு எஞ்சி நிற்பதே படம். அதை மதிப்பிட, அந்த ஜானர் பார்வையாளருக்குக் கொடுக்கும் வாக்கு என்ன, படம் அதைக் காப்பாற்றியதா என்று கேட்பதே நல்ல வழி. ‘அந்த நாள்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். எஸ். பாலசந்தர் இயக்கிய இந்தப் படத்தில் பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. 1943 அக்டோபரில் ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசிய காலப் பின்னணியில், சிவாஜி கணேசன் நடித்த ராஜன் என்ற பாத்திரம் சுடப்பட்டு விழுவதோடு கதை தொடங்குகிறது. பிறகு ஜாவர் சீதாராமன் நடித்த துப்பறியும் அதிகாரி ஒவ்வொருவராக விசாரிக்க, அண்டைவீட்டார் சொல்லும்போதும் தம்பி சொல்லும்போதும் மனைவி சொல்லும்போதும் அதே ராஜன் வேறு வேறு மனிதனாகத் தெரிகிறார். இதைப் பார்த்தவுடன், ஒரே சம்பவத்தைப் பலர் வேறு வேறாகச் சொல்லும் ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘ரஷோமோன்’ தழுவல் என்று எழுதி முடித்துவிடுவது பலருடைய வழக்கம். இன்னும் கொஞ்சம் கவனித்தால், அந்த ஜப்பானியப் படம் உண்மை எதுவென்று பிடிகொடுக்காமலே விடுகிறது என்பதும், இந்தப் படம் துப்பறியும் கதைக்குரிய கடமையாக இறுதியில் ஒரே விடையைத் திட்டவட்டமாகத் தருகிறது என்பதும் தெரியவரும். அந்த விடைக்கான தடயங்கள் முன்னமே நம் கண்ணில் காட்டப்பட்டனவா என்பதே இதற்கு நீங்கள் வைக்க வேண்டிய கேள்வி. எனக்கு, அவை காட்டப்பட்டிருக்கின்றன. அதனால்தான் பாட்டில்லாத துணிச்சலைவிட அந்த நேர்மையையே இப்படத்தின் பெருமையாகச் சொல்வேன்.

மாயாஜாலப் படத்துக்கு வேறு வாக்கு. விட்டலாச்சார்யா தெலுங்கில் எடுத்து 1978-இல் வெளிவந்து, தமிழிலும் மொழிமாற்றமாகப் பலரும் பார்த்த ‘ஜகன்மோகினி’யில், பேய் அடுப்பங்கரையில் உட்கார்ந்து விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் நீட்டி எரியவிடும் காட்சி உண்டு. தந்திரம் எப்படிச் செய்யப்பட்டது என்று இன்று சிறுவர்களும் சொல்லிவிடுவார்கள். ஆயினும் கிராஃபிக்ஸ் மட்டமாக இருக்கிறது என்று எழுதுவது அந்தப் படத்தைத் தொடாத விமர்சனம். சமையல்கட்டில் அன்றாடம் நடக்கும் வேலையையே கோரமாக மாற்றிக் காட்டும் கற்பனை எப்படி என்று பார்க்க வேண்டும். அந்தக் கற்பனை இன்றும் வேலை செய்கிறது. பக்கத்தில் பாட்டியும் பேரனும் உட்கார்ந்து பார்த்தால், ஒருவர் சிரிக்கும் இடத்தில் மற்றவர் கண்ணை மூடிக்கொள்வதையும் கருத்தில் சேர்த்து எழுதலாம். வீட்டில் பார்ப்பவருக்கு மட்டுமே கிடைக்கும் சான்று அது.

காலத்தால் பழையதாகிவிட்டது தந்திரம் என்றால் மன்னிக்கலாம். பார்வை என்றால் சொல்லியாக வேண்டும். பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978) இரண்டே பாடல்களோடு, ஒரு பங்களா, ஒரு தோட்டம், அதில் பூக்கும் ரோஜாக்கள் என்று மிகக் குறைந்த பொருள்களை வைத்துக்கொண்டு பயத்தை வளர்க்கும் திறமையான படம். பெண்களைக் கொல்பவனுக்குக் காரணம் தேடும்போது அப்படம் பழியைப் பெண்கள் மீதே சாய்க்கிறது என்பதும் உண்மை. இந்த இரண்டையும் ஒரே பத்தியில், ஒன்றை வைத்து மற்றதை மழுப்பாமல் எழுத வேண்டும். இரண்டு ஆண்டுகள் கழித்து பாலு மகேந்திரா எடுத்த ‘மூடு பனி’யும் கொலைகாரனின் மனத்தையே பேசுகிறது; அதன் நிதானம் வேறு. இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் பார்த்து ஒப்பிட்டு எழுதினால், தனித்தனியே எழுதும்போது தோன்றாத பல விஷயங்கள் தோன்றும். கௌபாய் படங்களுக்கும் இதே முறை பொருந்தும்: ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கிய ‘கங்கா’ (1972) போன்றவற்றைப் பார்க்காமல், அந்த வகையைக் கிண்டல் செய்யும் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ (2010) படத்தைப் பற்றி எழுதினால் பாதிக் கிண்டல் கைநழுவிப் போகும்.

கதையை எவ்வளவு சொல்லலாம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். முதல் அரை மணி நேரத்தில் படமே சொல்லிவிடுவதை மட்டும் சொல்லலாம் என்பது பொதுவாகப் பாதுகாப்பான எல்லை. ‘புதிய பறவை’ (1964) அறுபது ஆண்டுகள் கடந்த படம், எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்து முடிவை எழுதிவிடுகிறார்கள். முதன்முறையாகப் பார்க்கும் இருபது வயதுக்காரருக்கு அது புதிய படம். அது ஒரு வங்காளப் படத்தின் மறு ஆக்கம், அந்த வங்காளப் படத்துக்கும் ஓர் ஆங்கில மூலம் உண்டு என்று சொல்வதில் தவறில்லை. அந்த மூலத்தின் பெயரையும் சேர்த்துச் சொன்னால், அதைப் பார்த்தவருக்குத் திருப்பம் முழுவதும் விளங்கிவிடும். மூலப்படத்தின் பெயரும் சில நேரம் ரகசியத்தைப் போட்டு உடைத்துவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முடிவைப் பேசியே தீர வேண்டும் என்றால், தனிப் பத்தியாக்கி, அதற்கு முன்பே எச்சரிக்கை கொடுத்துவிட வேண்டும்.

வீட்டுத் திரை எப்போதும் குறைவைத்தான் தரும் என்றும் நினைக்க வேண்டாம். விக்ரம் குமாரின் ‘யாவரும் நலம்’ (2009) படத்தில், புதிய அடுக்ககத்தில் குடியேறிய குடும்பத்துப் பெண்கள் விரும்பிப் பார்க்கும் தொலைக்காட்சித் தொடரில் நடப்பதெல்லாம் அவர்கள் வீட்டிலும் நடக்கத் தொடங்குகிறது. இந்தக் கதையைத் திரையரங்கில் பார்ப்பதைவிட, வீட்டுக் கூடத்தில், அதே மாதிரி சோபாவில் உட்கார்ந்து, அதே மாதிரித் தொலைக்காட்சிப் பெட்டியில் பார்ப்பது கூடுதலாக வயிற்றைக் கலக்கும். இப்படி எந்தப் படத்துக்கு வீடு பொருத்தமான இடம் என்று கண்டுசொன்னால், அது திரையரங்கு விமர்சகர் சொல்லாமல் விட்டதைச் சொல்வதாக இருக்கும்.

எழுதும்போது நட்சத்திரங்களும் ஐந்துக்கு மூன்றரையும் வேண்டாம். தொடர்கொலைகளைத் துப்பறியும் ‘ராட்சசன்’ படத்துக்கும் ‘ஜகன்மோகினி’க்கும் ஒரே அளவுகோலில் எண் போடுவதால் யாருக்கும் பயனில்லை. படத்தின் பெயர், ஆண்டு, இயக்குநர், எந்தத் தளத்தில், எந்த மொழியில், எப்படிப்பட்ட பிரதியில் பார்த்தீர்கள் என்பதை இரண்டு வரியில் முடித்துவிட்டு, உங்களைப் பிடித்து நிறுத்திய ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு அது எப்படி வேலை செய்தது என்று விரிவாக எழுதுங்கள். பிடிக்காத படமானாலும் இதே முறைதான்: எந்தக் காட்சியில் நம்பிக்கை விட்டுப்போனது என்று குறிப்பாகச் சொன்னால், உங்கள் கருத்தோடு உடன்படாதவருக்கும் அது பயன்படும். யாருக்கு இந்தப் படம் ஏற்றது என்று ஒரு வரி சேர்க்கலாம். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் ‘ராட்சசன்’ போன்ற படத்தை எந்த நேரத்தில் போடலாம் என்று சொல்வது, அதன் திரைக்கதையைப் பற்றிய நான்கு வரிகளைவிட ஒரு பெற்றோருக்குத் தேவையானது.

பாதியில் நிறுத்திவிட்ட படத்தைப் பற்றியும் எழுதலாம், தடையில்லை. எந்த நிமிடத்தில் நிறுத்தினீர்கள், சலிப்பாலா, கோரம் தாங்காமலா, தூக்கத்தாலா என்று குறிப்பிட்டுவிட்டு, பார்த்தவரை மட்டும் பேச வேண்டும். தூக்கத்தால் என்றால் அந்தப் படத்தை இன்னொரு நாள், இரவு உணவுக்கு முன்பே தொடங்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.