சென்னைக்குக் குடிவருகிறீர்களா? முதலில் குழாயைத் திறந்து பாருங்கள்

குன்னூரில் இருக்கும் என் தம்பி, வருகிற ஜூன் மாதம் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு சென்னைக்கு மாற்றலாகி வருகிறான். "அக்கா, எந்த ஏரியா நல்லது?" என்று கேட்டான். ஏரியாவைப் பிறகு பார்க்கலாம், போகிற வீட்டில் முதலில் குழாயைத் திற என்றேன். 2017 மே மாதம் நாங்கள் மலையிலிருந்து இறங்கி வந்தபோது இதைச் சொல்ல எங்களுக்கு ஆள் இல்லை.

குளியலறைக் குழாயின் வாயைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்து இறுகியிருந்தால் அது உப்புத் தண்ணீர். கையில் சோப்பு தேய்த்துக் கழுவிப் பாருங்கள். நுரை எழும்பாமல் திரிதிரியாக ஒட்டினால் சந்தேகமே வேண்டாம். பிறகு வீட்டுக்காரரிடம் மூன்று கேள்விகள். மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியத்தின் குழாய்த் தண்ணீர், இணைப்பு உண்டா, எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது? போர் (ஆழ்துளைக் கிணறு) எத்தனை அடி, எந்தக் கோடையிலாவது வற்றியதா? லாரித் தண்ணீர் வாங்கினால் அந்தச் செலவு பராமரிப்புக் கட்டணத்தில் சேர்ந்ததா, தனியா?

மூன்றாவதை நாங்கள் கேட்கவில்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த வருடம் அது. எங்கள் குடியிருப்பின் போர் மே மாதமே காற்றைத்தான் இறைத்தது. லாரிக்குக் கொடுத்த பணம் அந்த மாத மளிகைச் செலவைத் தாண்டியது. என் மாமியார் விடியற்காலை நான்கரைக்கு எழுந்து சம்ப்புக்கு (தரையடித் தொட்டிக்கு) அருகே குடங்களை வரிசையாக வைப்பார். அரிசி களைந்த நீர் துளசிக்கு, துணி அலசிய நீர் கழிப்பறைக்கு. அப்போது மூன்று வயதான என் சின்ன மகள், யார் குழாயைத் திறந்தாலும் ஓடிவந்து மூடிவிட்டுப் போவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். அந்தக் குழி எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். குப்பையும் மண்ணும் மூடிக் கிடந்தால், அந்த வீட்டில் தண்ணீரைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

தண்ணீர் இல்லாத ஊர்தான் டிசம்பரில் தண்ணீரில் மிதக்கும். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். 2015லும், 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. இதைப் பற்றித் தரகரிடம் கேட்காதீர்கள். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் கேளுங்கள். "அந்த மழையில் இங்கே எதுவரை நின்றது?" என்றால் முழங்காலையோ இடுப்பையோ தொட்டுக் காட்டிவிடுவார். காம்பவுண்டுச் சுவரின் உட்பக்கம் பழுப்பு நிறத்தில் ஒரே மட்டமாகக் கோடு ஓடுகிறதா என்றும் பாருங்கள். தெருப் பெயரும் சேதி சொல்லும். தாங்கல் என்றால் சிறிய ஏரி. மேற்கு மாம்பலத்தில் ஏரியே இல்லாத 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. அங்கிருந்த நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் 1920களில் தியாகராய நகரை உருவாக்கினார்கள்.

வெயிலுக்கு வருகிறேன். வீட்டைக் காலை பத்து மணிக்குப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிற்பகல் மூன்றரைக்குப் போய், மேற்குச் சுவரில் உட்புறமாக உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ணுங்கள். கை சுட்டால் அந்த அறையில் குழந்தைகள் தூங்க மாட்டார்கள். மேல்தளம் வாடகை குறைவு என்பார்கள்; கான்கிரீட் கூரை பகல் முழுக்கக் குடித்த சூட்டை இரவு பதினொன்று வரை கீழே இறக்கிக்கொண்டிருக்கும். அங்கேதான் இருக்க வேண்டுமென்றால், மொட்டை மாடிக்கு வெள்ளை பூசித் தருவதை ஒப்பந்தம் போடும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். கடற்காற்று நண்பகலுக்குப் பிறகு கிழக்கிலிருந்து உள்ளே வரும். அந்தப் பக்கம் நன்றாகத் திறக்கிற சன்னல் இருக்கும் வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் வாடகை கொடுக்கலாம், நான் கொடுக்கிறேன்.

மின்சாரத்துக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். 500ஐத் தாண்டினால், 100க்கு அடுத்த யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் சலுகை விலையும் போய்விடும். பொது மீட்டரில் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால் இந்தச் சலுகை எதுவும் உங்கள் கைக்கு வராது. அட்வான்ஸ் பத்து மாத வாடகை என்பது பழைய வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்கிறது. ஆனால் நீங்களே கூடுதலாகத் தருவதாக எழுதிக் கையெழுத்திட்டால் அது செல்லும். ஆகவே பேரத்தைக் கையெழுத்துக்கு முன் முடியுங்கள்.

வீடு அலுவலகத்துக்கு அருகில் வேண்டுமா, பள்ளிக்கு அருகிலா என்றால் பள்ளி என்பேன். பெரியவர்கள் மின்சார ரயிலிலோ மெட்ரோவிலோ போய்விடலாம். ஜூன் வெயிலில் வேனுக்குள் ஒரு மணி நேரம் ஆறு வயதுப் பிள்ளையால் முடியாது.

குளிரான ஊரிலிருந்து வருபவர்களுக்கு உடம்பு பழக ஓரிரு வாரம் ஆகும். இங்கே வியர்வை காயாது. அதனால் வெயிலில் நிற்காவிட்டாலும் களைப்பு வரும். பதினொன்று முதல் நான்கு வரை பிள்ளைகளை வெளியே விடாதீர்கள். தாகம் எடுக்காவிட்டாலும் உப்புப் போட்ட மோர் கொடுங்கள். வயதானவர்கள் கூட இருந்தால் அவர்களைக் கேட்டுக்கொண்டிருக்காமல் தம்ளரைக் கையில் கொடுத்துவிடுங்கள். என் மாமியார் மயங்கி விழுந்தது சமையலறையில், வந்த நான்காம் நாள். தம்பியிடம் போனை வைப்பதற்கு முன் நான் கடைசியாகச் சொன்னதும் அதுதான்: அம்மாவை அடுப்படியில் நிற்க விடாதே, முதல் இரண்டு வாரம் சமையலைக் காலை எட்டுக்குள் முடித்துவிடுங்கள்.