ஹார்ன்பி டப்லோ எஞ்சினின் தயாரிப்புக் காலத்தைக் கண்டறியும் முறை

பழைய ஹார்ன்பி டப்லோ பொம்மை ரயில் எஞ்சின் ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது அதன் நிறத்தையும், பக்கவாட்டில் எழுதியிருக்கும் ரயில்வேயின் பெயரையும்தான். அவற்றைக் கடைசியில் பாருங்கள் என்பதே என் யோசனை. வண்ணத்தை யாரும் மறுபடி பூசிவிடலாம், எண்ணை மாற்றி ஒட்டிவிடலாம். மேலுடல் ஒரு காலத்தையும் அடிச்சட்டம் வேறொரு காலத்தையும் சேர்ந்ததாக இருப்பதும் அபூர்வமன்று. மெத்தென்ற துணியை விரித்து எஞ்சினைத் தலைகீழாக வைத்து, அடியிலிருந்து ஆராயத் தொடங்குவதே நல்லது.

அதற்கு முன் ஆலையின் கதையைச் சற்றே அறிந்திருக்க வேண்டும். லிவர்பூல் நகரின் பின்ஸ் சாலையில் இயங்கிய மெக்கானோ நிறுவனம், அதை நிறுவிய ஃபிராங்க் ஹார்ன்பி 1936இல் மறைந்தபின், 1938இல் இந்த வரிசையை வெளியிட்டது. உண்மையான ரயிலின் ஒரு அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற விகிதமும், 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளமும் கொண்ட இந்த ‘டபுள் ஓ’ அளவே சுருங்கி ‘டப்லோ’ ஆயிற்று. முதலில் வந்த எஞ்சின்கள் இரண்டுதான்: ‘சர் நைஜல் கிரெஸ்லி’ என்ற பெயர் தாங்கிய ஏ4 வகை விரைவு எஞ்சினும், தண்ணீர்த் தொட்டியைத் தன்னிலேயே சுமக்கும் ஒரு சிறிய டேங்க் எஞ்சினும். இரண்டும் சாவி கொடுத்து ஓடும் வடிவிலும் மின்மோட்டார் வடிவிலும் கிடைத்தன. இரண்டாம் உலகப் போரினால் நின்ற தயாரிப்பு 1947ஆம் ஆண்டின் இறுதியில் மறுபடி தொடங்கியபோது, சாவி எஞ்சின்கள் திரும்பி வரவில்லை. ஆகவே அசலான சாவி எஞ்சின் உங்களிடம் இருந்தால், அது போருக்கு முந்தியது என்று அப்போதே முடிவு கட்டிவிடலாம்.

மின்எஞ்சினாக இருந்தால், சக்கரங்களுக்கு நடுவே தண்டவாளத்தைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் உலோகத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது நடுத்தண்டவாளம் உள்ள மூன்று தண்டவாள முறைக்குரியது. தகடு இல்லாமல், சக்கரங்கள் வழியாகவே மின்சாரம் எடுக்குமாறு அவை மின்காப்புச் செய்யப்பட்டிருந்தால், அது 1959இல் வந்த இரண்டு தண்டவாள முறையைச் சேர்ந்தது. பிற்கால விற்பனை எண்களிலும் இந்த வேறுபாடு தெரியும்: இரண்டு தண்டவாள எஞ்சின்கள் 2 என்ற இலக்கத்திலும் மூன்று தண்டவாள எஞ்சின்கள் 3 என்ற இலக்கத்திலும் தொடங்கின. எடுத்துக்காட்டாக, 2235 என்பது ‘பார்ன்ஸ்டபிள்’, 3235 என்பது அதே வகையைச் சேர்ந்த ‘டார்செஸ்டர்’.

அடுத்தது காந்தம், தயாரிப்பு வரலாறு இதில்தான் தெளிவாகப் பதிந்திருக்கிறது. போருக்கு முந்தைய மோட்டார்களிலும், போருக்குப் பின் முதலில் வந்த சிலவற்றிலும் குதிரைலாட வடிவக் காந்தம் இருக்கும். பின்னர் அல்னிகோ என்ற உலோகக் கலவையால் ஆன சிறிய, வலுவான காந்தம் அதன் இடத்தைப் பிடித்தது. ஆர்வ மிகுதியால் மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சரை வெளியே இழுத்துவிடாதீர்கள். காந்தத் துருவங்களுக்கிடையே இரும்புத் துண்டு ஒன்றை வைக்காமல் அதை எடுத்தால் காந்தம் வலுவிழக்கக்கூடும், பிறகு எஞ்சின் அதிக மின்சாரம் உண்டு சூடேறும். ஓட்டிப் பார்ப்பதானால் 12 வோல்ட் நேர்மின்சாரம் தரும் இன்றைய கருவியையே பயன்படுத்துங்கள். ரப்பர் உறை வெடித்த பழைய டிரான்ஸ்ஃபார்மரை அலமாரியில் காட்சிக்கு வைப்பதோடு நிறுத்திக்கொள்வது உயிருக்கு நல்லது.

எஞ்சினைப் பெட்டிகளோடு இணைக்கும் கப்ளிங்கையும் பாருங்கள். போருக்கு முன் தட்டையான வில்தகடு. போருக்குப் பின் தானாகவே மாட்டிக்கொள்ளும் உலோகக் கொக்கி. ஆனால் பழைய எஞ்சினுக்குப் புதிய கப்ளிங் பொருத்தியவர்கள் பலர் என்பதால், இதைத் துணைச் சான்றாக மட்டுமே கொள்ள வேண்டும். போருக்கு முந்தைய துத்தநாகக் கலவை வார்ப்புகளில், ஈயம் போன்ற மாசு கலந்ததால் காலப்போக்கில் உலோகமே வீங்கி வெடிக்கும் நோயும் உண்டு. மேலுடல் வளைந்தோ நுண்விரிசல் விட்டோ இருந்தால், ஸ்க்ரூவை வலிந்து திருகாதீர்கள்.

இப்போது எஞ்சினை நிமிர்த்தலாம். ஏ4 எஞ்சினில் சக்கரங்களின் மேற்பகுதியை மூடும் பக்கத் தகடும் 4498 என்ற எண்ணும் இருந்தால், அது போருக்கு முந்திய வடிவம். தகடு நீங்கி 7 என்ற எண் இருந்தால் பிந்தியது. உண்மையான எஞ்சின்களிலும் போர்க்காலத்தில் பராமரிப்பு வசதிக்காக அந்தத் தகடுகள் கழற்றப்பட்டன.

பலர் ஏமாறும் இடம் இதற்கு அடுத்தது. பிரிட்டிஷ் ரயில்வே 1948இலேயே நாட்டுடைமை ஆயிற்று, எனவே பழைய தனியார் ரயில்வே நிறுவனமான எல்.எம்.எஸ்.ஸின் எழுத்துகள் கொண்ட பொம்மை அதற்கு முந்தியது என்று தோன்றும். ஆலையோ 1953 வரை பழைய நிறுவனங்களின் வண்ணங்களையே பூசிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டில்தான் சிவப்பு ‘டச்சஸ் ஆஃப் அதோல்’ பச்சை ‘டச்சஸ் ஆஃப் மான்ட்ரோஸ்’ ஆகவும், ‘கிரெஸ்லி’ ‘சில்வர் கிங்’ ஆகவும் மாறின. எஞ்சினில் உள்ள பிரிட்டிஷ் ரயில்வேயின் சின்னமும் உதவும்: சக்கரத்தின்மேல் நிற்கும் சிங்கம் முந்தியது, சக்கரத்தைக் கையில் ஏந்திய சிங்கம் 1956இல் வந்த சின்னம் என்பதால், அதைத் தாங்கிய எஞ்சின் அதற்கு முன் தயாராகியிருக்க முடியாது.

பெட்டியையும் கையேட்டையும் இறுதியில் ஒப்பிடுங்கள். மெக்கானோ கையேடுகளின் ஓரத்தில் சாய்கோடுகளுக்கிடையே பொடி எழுத்தில் ஓர் எண் வரிசை இருக்கும். நடு எண் 655 என்றால் 1955 ஜூனில் அச்சானது என்று பொருள். அது தாளின் வயதே. எஞ்சின் வேறு பெட்டியிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

1964இல் ட்ரையாங் பொம்மைகளின் உரிமையாளரான லைன்ஸ் பிரதர்ஸ் மெக்கானோவை வாங்கியதும் டப்லோ தயாரிப்பு முடிவுக்கு வந்தது. வார்ப்பு அச்சுகள் ரென் நிறுவனத்துக்குச் சென்று, அதே உருவங்கள் மறுபடி வெளிவந்தன. எனவே விற்பனை எண்ணுக்கு முன் ‘டபிள்யூ’ என்ற எழுத்தோ, ரென் என்ற பெயரோ தென்பட்டால், உங்கள் குறிப்பேட்டில் அதை டப்லோ வரிசையில் சேர்க்காமல் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.